வலிக்காத புண்தான் பொல்லாத புண்!

பவுர்ணமி இரவு. திருவண்ணாமலை வீதிகளில் எங்கு பார்த்தாலும் மனிதத் தலைகள். ராஜகோபுரத்தில் தொடங்கி, மலையை வலம் வந்து, மறுபடியும் கோபுரத்துக்கு வந்து சேர 14 கிலோ மீட்டர். லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். பெரும்பாலோர் காலில் செருப்பு இல்லை.

14 கிலோ மீட்டர் என்றால் எத்தனை அடி தெரியுமா? ஏறக்குறைய 20 ஆயிரம் அடி எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பாதமும் 10 ஆயிரம் தடவை தரையில் பதிகிறது. ஒவ்வொரு தடவையும் உடம்பின் முழுப் பாரமும் அந்த ஒரு பாதத்தின் மேல் இறங்குகிறது.

காலில் உணர்ச்சி நன்றாக உள்ளவருக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. கல் குத்தினால், "ஸ்!" என்று காலைத் தூக்கி விடுவார். உள்ளங்கால் காந்தினால் ஓரமாக உட்கார்ந்து விடுவார். குதிகால் வலித்தால் முன்காலை ஊன்றி நடப்பார். முன்கால் வலித்தால் சற்றுச் சாய்ந்து நடப்பார். இதை எல்லாம் அவர் யோசித்துச் செய்வது இல்லை. வலி செய்ய வைக்கிறது.

வலியே தெரியாத கால் என்றால்?

கல் குத்தும், தெரியாது. கொப்புளம் கிளம்பும், தெரியாது. அது உடைந்து, அதன் மேலேயே இன்னும் 5 ஆயிரம் அடி நடந்திருப்பார், அதுவும் தெரியாது. மறுநாள் வீட்டில், பாயில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டு மகள் கேட்பாள்: "அப்பா, காலிலே என்ன?"

"ஒன்றும் இல்லையம்மா. வலியே இல்லை" என்பார் அப்பா.

அந்தப் பதிலில்தான் ஆபத்து இருக்கிறது. இப்படிச் சிறு கொப்புளமாகத் தொடங்கும் புண் ஒரு மாதம் ஆனாலும் ஆறாமல், ஆறு மாதம் ஆனாலும் ஆறாமல், கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைமைக்குக் கொண்டுபோய் விடுவது உண்டு.

புண் ஆறாதது ஏன்?

காய் நறுக்கும்போது விரலில் கத்தி படுகிறது. என்ன நடக்கிறது? முதலில் ரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. பிறகு வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளைத் தின்று சுத்தம் செய்கின்றன. அடியிலிருந்து சிவப்பாகப் புதுச் சதை வளர்கிறது. ஓரங்களிலிருந்து தோல் நகர்ந்து வந்து மூடிக் கொள்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. நாம் மருந்து போட்டாலும் போடாவிட்டாலும், ஆற்றுவது உடம்புதான்.

நாலு வாரம், ஆறு வாரம் ஆகியும் ஒரு புண் மூடவில்லை என்றால், உடம்பு செய்கிற வேலையை ஏதோ ஒன்று தடுக்கிறது என்று பொருள். ஆறாத புண்ணுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகளில் டாக்டர் முதலில் தேடுவது மருந்தை அல்ல; அந்தத் தடையைத்தான்.

தடை பல விதம். காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் அடைத்திருக்கலாம். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இது அதிகம். கெட்ட ரத்தத்தை மேலே ஏற்றும் ரத்த நாளம் பழுதாகியிருக்கலாம். புண்ணின் அடியில் எலும்பிலே கிருமி குடிகொண்டிருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கலாம். எல்லாவற்றையும்விடச் சாதாரணமாகக் காணப்படுவது, மரத்துப்போன பாதத்தின் மேல் ஓயாமல் இறங்கும் பாரம்.

பாதம் ஏன் மரத்துப் போகிறது? இன்றைக்கு முக்கியக் காரணம், சர்க்கரை வியாதி. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்புகள் நுனியிலிருந்து கெடத் தொடங்கும். உடம்பில் மிக நீளமான நரம்பு காலுக்குப் போகிறது. ஆகவே கால்தான் முதலில் மரக்கிறது. 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடி 10 லட்சம் பேர். தமிழ்நாட்டில் 100 பேருக்கு 14 பேர்! கிரிவலப் பாதையில் உங்களுக்கு முன்னால் போகும் கூட்டத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

பூட்டைத் திறந்த சிறுவன்

"புண் ஆறாததற்குக் காரணம் கெட்ட சதை அல்ல, வலி தெரியாததுதான்" என்ற உண்மையை ஊன்றிப் பார்த்துச் சொன்னவர், நமக்குப் பக்கத்து ஊரில் வேலை பார்த்த டாக்டர். பெயர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர்தான். ஆனால் பிறந்தது கொல்லிமலையில், 1914-ல்! பெற்றோர் பாதிரி ஊழியம் செய்தவர்கள். 1946-ல் அவர் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை டாக்டராக வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு, செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். அங்கே டாக்டர் காக்ரேன் என்பவர் பொறுப்பில் இருந்தார். விரல் மடங்கிய கைகள், விரலே இல்லாத கால்கள், குழி விழுந்த புண்கள். "தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழுந்துவிடும்" என்று அன்றைக்கு உலகமே நம்பியது. டாக்டர்களும் நம்பினார்கள்.

பிராண்ட் நம்பவில்லை.

ஒரு நாள் அவர் ஒரு துருப்பிடித்த பூட்டைத் திறக்க முயன்றார். சாவி திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு நோயாளிச் சிறுவன், "நான் திறக்கிறேன்" என்று சாவியை வாங்கி, ஒரே திருப்பில் திறந்துவிட்டான். என்ன பலம்! ஆனால் தரையில் ரத்தத் துளி. பிராண்ட் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். சாவி விரலைக் கிழித்து, எலும்பு தெரிந்தது. பையனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை!

உண்மை விளங்கிவிட்டது. விரல் அழுகி விழவில்லை. வலி தெரியாததால், அவர்களே தினமும் தெரியாமல் காயப்படுத்திக் கொள்கிறார்கள். சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள். ஆணி ஏறிய காலோடு நடக்கிறார்கள்.

இன்னொரு மர்மமும் இருந்தது. இரவில் முழு விரலோடு படுத்தவர் காலையில் விரல் குறைந்து எழுந்தார்! இது எப்படி? இரவு விழித்திருந்து பார்த்தார்கள். எலி! தூங்குகிறவரின் விரலை எலி கடிக்கிறது; அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். விரல் போவது நின்றது. ஒரு வியாதிக்குப் பூனையை மருந்தாகக் கொடுத்த ஆஸ்பத்திரி உலகில் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை.

கொழும்பில் கற்ற வித்தை

உள்ளங்கால் புண்ணுக்கு என்ன செய்வது? கொழும்பு நகரில் மில்ராய் பால் என்ற அறுவை டாக்டர், இப்படிப்பட்ட காலுக்கு எலும்பு முறிவுக்குப் போடுவது போல மாவுக் கட்டு போட்டு வந்தார். பிராண்ட் அதை வேலூரில் கையாண்டார். முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் முழுவதும் ஒட்டினாற்போல் கட்டு. அதைப் போட்டுக்கொண்டே நோயாளி நடக்கலாம். ஒரு புள்ளியில் இறங்கிய பாரம், கால் முழுவதும் பரவிவிடுகிறது.

சில வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால், என்ன ஆச்சரியம்! பல ஆண்டாக ஆறாத புண் ஆறி வந்தது. விசேஷ மருந்து எதுவும் இல்லை. புண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள், அவ்வளவுதான். கெட்ட சதையாக இருந்தால் அது எப்படி ஆறும்?

1955-ல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கும் இந்த வேலை நடந்தது. 1966-ல் பிராண்ட் அமெரிக்கா போனார். லூசியானா மாகாணத்தில் கார்வில் என்ற ஊரில் தொழுநோய் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே சர்க்கரை வியாதிக்காரர்களின் காலையும் பார்த்தார். அதே மரத்த பாதம்! அதே குழிப் புண்! அதே மாவுக் கட்டு அங்கும் கைகொடுத்தது. இன்று உலகம் முழுவதும் சர்க்கரைப் புண்ணுக்கு அந்தக் கட்டு ஒரு முதல்தரமான சிகிச்சை. தொழுநோயாளிகளின் கால்களில் நம் பக்கத்து ஊரில் பார்த்த பாடம், இன்று கோடிக்கணக்கானவர்களுக்கு உதவுகிறது. 2003-ல் பிராண்ட் காலமானார்.

தொழுநோய்க்கு இன்று நல்ல கூட்டு மருந்து இருக்கிறது. 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதைச் சிபாரிசு செய்தது. நோய் குணமாகிவிடும். ஆனால், மருந்து தொடங்குமுன் மரத்துப்போன பாதம் பலருக்குத் திரும்புவது இல்லை. அவர்களுக்கு நோய் போன பிறகும் புண் வருகிறது. "இன்னும் வியாதி இருக்கிறது" என்று ஊரார் ஒதுக்குவது அறியாமை. அந்தப் புண் யாருக்கும் தொற்றாது.

டாக்டர் என்ன செய்வார்?

புண் சிகிச்சைப் பிரிவில் பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

"எத்தனை நாளாக இந்தப் புண், பெரியவரே?"

"சித்திரை மாசத்திலிருந்து இருக்குது, டாக்டர்."

"என்ன போட்டீர்கள்?"

"மஞ்சள் வெச்சோம். அப்புறம் கடையில பவுடர் வாங்கிப் போட்டோம். பொண்ணு காபித்தூள் வெச்சுது."

டாக்டருக்கு இது புதிது அல்ல. சாம்பல், சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய் என்று எத்தனையோ பார்த்திருப்பார். அவர் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுக்கிறார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் பல இடங்களில் தொடுகிறார். "தெரிகிறதா? இப்போது தெரிகிறதா?" தெரியாத இடம் மரத்த இடம். சில நிமிஷ வேலை, வலி கிடையாது.

பிறகு பாதத்தின் மேல் நாடி பார்க்கிறார். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுகிறார். காலின் அளவு கையின் அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் குறைந்தால், ரத்தக் குழாயில் அடைப்பு என்று சந்தேகம். அடைப்பை நீக்காமல் எத்தனை கட்டு மாற்றினாலும் பயன் இல்லை. மழுங்கிய கம்பி ஒன்றால் புண்ணின் ஆழம் பார்ப்பார். அது எலும்பில் தட்டினால், எலும்புக்குக் கிருமி போயிருக்கலாம். எக்ஸ்ரே எடுப்பார்கள். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்குக்கு ரத்தம் எடுப்பார்கள்.

அடுத்த வேலை நோயாளியைத் திடுக்கிட வைக்கும். டாக்டர் கத்தியை எடுத்து, புண்ணைச் சுற்றித் தடித்த தோலையும் செத்த சதையையும் சீவி எடுக்கிறார். "சின்னப் புண்ணோடு வந்தேன், பெரிசாக்கிவிட்டார்களே!" என்று வீட்டில் போய்ப் புலம்புகிறவர்கள் உண்டு. புண் பெரிதாகவில்லை. ஏற்கனவே உள்ளே அவ்வளவு பெரிதாக இருந்ததை மேலே தெரியும்படி செய்கிறார், அவ்வளவுதான். செத்த சதை இருக்கும் வரை கிருமிக்குச் சாப்பாடு இருக்கிறது.

"புண்ணைக் காற்றாட விட்டு உலர்த்த வேண்டும்" என்பது நம் பாட்டிமார் சொல். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி பன்றித் தோலில் ஒரு சோதனை செய்தார். சில காயங்களைக் காற்றில் விட்டார். சில காயங்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஈரம் காத்தார். மூடிய காயத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது! வறண்டு போன பொருக்கின் அடியில் தோல் நகர முடியாமல் தவிக்கிறது. ஆகவே இன்றைய கட்டுகள் புண்ணை அளவான ஈரத்தில் வைக்கின்றன. காய்ந்து போன கறுத்த விரல் மட்டும் வேறு விஷயம். அதை நனைக்கக் கூடாது. டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

காற்றை உறிஞ்சிப் புண்ணை இழுத்துப் பிடிக்கும் கருவி, தோல் ஒட்டும் சிகிச்சை எல்லாம் இருக்கின்றன. விலை உயர்ந்த களிம்புகளும் உண்டு. ஒன்றை மட்டும் துணிந்து சொல்லலாம். காலின் பாரத்தைக் குறைக்காமல் களிம்பில் ஆயிரக்கணக்கில் செலவு செய்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

நின்றே வேலை செய்பவர்கள்

இன்னொரு வகைப் புண் இருக்கிறது. டீக்கடை மாஸ்டர், முடி திருத்துபவர், போக்குவரத்துப் போலீஸ்காரர், கல்யாணச் சமையல்காரர். எல்லோரும் மணிக்கணக்கில் நின்றே வேலை பார்ப்பவர்கள். கால் ரத்தம் மேலே ஏறக் கெண்டைக்கால் தசைதான் பம்பு. நடந்தால் பம்பு வேலை செய்யும். அசையாமல் நின்றால் ரத்தம் தேங்கும். நாளங்கள் பச்சைப் பச்சையாகப் புடைக்கும். கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து, அரிப்பெடுத்து, ஒரு நாள் புண்ணாகும்.

இதற்கு மருந்து, அழுத்தமான கட்டு. விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை, முறைப்படி இறுக்கிச் சுற்றுவார்கள். வீட்டில் இருக்கும்போது காலைத் தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும். ஆனால் எச்சரிக்கை! ரத்தம் வரும் குழாய் அடைத்த காலில் இதே கட்டைப் போட்டால், கால் செத்துப் போகலாம். அதனால்தான் முதலில் கணுக்கால் அழுத்தம் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கட்டைப் பார்த்து நீங்களும் சுற்றிக் கொள்ளாதீர்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இடுப்பிலும் குதிகாலிலும் வரும் புண்ணும் பாரத்தால் வருவதுதான். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கும் மருமகள், எந்தக் களிம்பைவிடவும் பெரிய மருந்து.

1949-ல் நடந்தது

சில புண்கள் புண்ணே அல்ல. திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1949 பிப்ரவரியில் ரமண மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழ் ஒரு சிறு கட்டி. அறுத்து எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் மறுபடி வளர்ந்தது. சோதித்ததில் அது சார்கோமா என்னும் புற்று என்று தெரிந்தது. சென்னை டாக்டர்கள் வந்தார்கள். ரேடியம் வைத்தார்கள். மொத்தம் நான்கு அறுவை சிகிச்சைகள். 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார்.

பல ஆண்டாக இருக்கும் தழும்பிலோ பழைய புண்ணிலோ திடீரென்று சதை காளான் போல் வளர்ந்தால், ஓரம் தடித்து ரத்தம் கசிந்தால், டாக்டர் ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். "துண்டு எடுத்தால் பரவிவிடும்" என்று பயந்து மறுக்காதீர்கள். அது தவறான எண்ணம்.

பத்தியமும் பயமும்

வீட்டில் ஒருவருக்குப் புண் என்றால் முதலில் நிறுத்தப்படுவது முட்டை. பிறகு மீன், கருவாடு, கத்தரிக்காய். "சீழ் வைக்கும்" என்பார்கள். புதுச் சதை எதிலிருந்து வளரும்? முட்டை, பருப்பு, மீன், பால் இவற்றில் உள்ள சத்திலிருந்துதான் வளர வேண்டும். ரசம் சாதத்தில் வளராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய பயம் வேறு. "ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள்." இந்தப் பயத்தால் ஒரு மாதம் கடத்துகிறார்கள். முதல் வாரத்தில் வந்திருந்தால் தோலைச் சீவிக் கட்டு போட்டு அனுப்பியிருப்பார்கள். ஒரு மாதம் கழித்து வரும்போது விரல் கறுத்திருக்கிறது. பயந்தது பலித்துவிடுகிறது. கெட்ட வாடை, கறுப்பு நிறம், மேலே மேலே பரவும் சிவப்பு, வீக்கம், குளிர் காய்ச்சல் இவற்றில் ஒன்று கண்டாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படித்தான். மரத்த காலில் எலும்பு நொறுங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம்.

எங்கே போவது? திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வேலூரும் கரிகிரியும் 80, 90 கிலோ மீட்டர்தான். சென்னை ராயபுரத்தில் டாக்டர் எம்.விசுவநாதன் 1954-ல் தொடங்கிய சர்க்கரை வியாதி ஆஸ்பத்திரி, கால் சிகிச்சைக்குப் பேர் பெற்றது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் ஊழியரிடம், "என் காலையும் ஒரு தடவை பாரம்மா" என்று கேட்பதில் வெட்கம் என்ன?

கிரிவலம் போகலாமா?

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கிரிவலமே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கால் உணர்ச்சி நன்றாக இருந்தால் நடக்கலாம். போகுமுன் அந்த நைலான் இழைச் சோதனையைச் செய்து கொள்ளுங்கள். மரத்த பாதம் என்று தெரிந்தால், 14 கிலோ மீட்டர் வெறுங்காலோடு நடப்பது ஆகாது. மெத்தென்ற செருப்போடு நடக்கலாம். வண்டியில் சுற்றி வரலாம். ஏற்கனவே புண் உள்ளவர்களுக்கு வண்டிதான். சித்திரை வெயிலில், நண்பகலில், கோயில் பிரகாரத்துக் கல்லில் கால் வைக்கவே வேண்டாம். மற்றவர்கள் துள்ளிக் குதித்து ஓடுவார்கள். இவர் மட்டும் நிதானமாக நடந்து வருவார். வீட்டுக்குப் போனால் பாதம் முழுவதும் கொப்புளம்!

ராயபுரம் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2005-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பாதத்தைப் பற்றிச் சொன்ன புத்தியைக் கேட்டு நடந்தவர்களில் 100-க்கு 82 பேருக்குப் புண் ஆறியது. கேட்காதவர்களில் 50 பேருக்குத்தான் ஆறியது. ஆறிய பிறகும் கதை முடிவது இல்லை. வெளிநாட்டுக் கணக்குகளின்படி, ஆறிய சர்க்கரைப் புண்களில் 100-க்கு 40, ஓர் ஆண்டுக்குள் திரும்ப வருகின்றன.

அதனால்தான் புண் ஆறியவருக்குக் கடைசியாகக் கொடுக்கப்படுவது மாத்திரை அல்ல. ஒரு ஜோடி செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று பெயர். உள்ளே நுண்ணிய காற்று அறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர். கீழே முள் ஏறாத கெட்டி ரப்பர். பின்னால் ஒரு வார், கால் வழுக்காமல் இருக்க. சாதாரணச் செருப்பில் இருப்பது போல் இதில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். எல்லாம் தையலும் ஒட்டும்தான். ஆணி கழன்று பாதத்தில் ஏறினால், போட்டிருப்பவருக்குத் தெரியாதே! காலையில் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். இரவு படுக்குமுன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கண் தெரியாவிட்டால் பேரனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.